கரையில் நிற்பவர்கள் பார்க்கட்டும்

கேள்வி: ஐயா, பாய்மரப் படகுப் பயிற்சியை முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் 38 அடி யாட் ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறேன். முதன்முறையாக ஸ்கிப்பர், அதாவது படகின் தலைவர், நான். மனைவி, பத்து வயது மகள், தம்பி, தம்பி மனைவி, நண்பர் ஒருவர் என ஐந்து பேர் உடன் வருகிறார்கள். நண்பருக்கு மட்டும் ஓரளவு பழக்கம் உண்டு. பாயை எப்படித் திருத்தினால் வேகம் கூடும், புயல்காற்று வந்தால் என்ன செய்வது என்று இரவெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடுகிறது. எதை முக்கியமாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும்? கையுறை வாங்குவது அவசியமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாய் இருக்கிறது, வேகம் இருக்கிறது, புயல் இருக்கிறது. நங்கூரம் என்ற சொல்லைக் காணோம். படகுத்துறையும் இல்லை. முதல்முறை ஸ்கிப்பர்கள் எழுதும் கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் வருகின்றன. வாடகைப் படகுக்குத் திறந்த கடலில் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. கரைக்கு ஐம்பது மீட்டர் தூரத்தில், மனிதன் நடக்கும் வேகத்தில் போகும்போதுதான் படகின் மூக்கு உடைகிறது, விரல் நசுங்குகிறது, கணவன் மனைவிக்குள் பேச்சு நிற்கிறது.

திறமைக் குறைவுதான் காரணம் என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். பல வருடங்கள் சொல்லிக்கொடுத்த பிறகு இப்போது அப்படி நினைக்கவில்லை. பெரும்பாலான சமயங்களில் காரணம் வெட்கம். படகை ஒப்படைக்க வந்தவரிடம் கேட்க வெட்கம். துறைக்குள் நுழைந்தபின் சரிவராது என்று திரும்பி வெளியே போக வெட்கம். முன்னால் போகிறவன் முழுப் பாயோடு போகும்போது நாம் மட்டும் பாயைச் சுருக்க வெட்கம். எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டே மற்றதற்கு வருகிறேன்.

நான் முதன்முதலில் ஸ்கிப்பராகப் படகு எடுத்தபோது, ஒப்படைக்க வந்த இளைஞர் அவசரத்தில் இருந்தார். அன்று அவருக்கு இன்னும் நான்கைந்து படகுகள் பாக்கி. ஒவ்வொன்றாகக் காட்டி "தெரியும் அல்லவா?" என்றார். நானும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அன்று இரவு ஒரு சிறு வளைகுடாவில் நங்கூரம் போட்டோம். நன்றாகப் பிடித்தது. காலையில் நங்கூரத்தைத் தூக்கும் மின்பொறியின் பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லை. அதற்கென்று தனியாக ஒரு பிரேக்கர் இருக்கும், சுமை கூடினால் தானே விழுந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் படகில் அது எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. இருக்கைகளைத் தூக்கிப் பார்த்தோம், அலமாரிகளைக் குடைந்தோம். கடைசியில் நாற்பது மீட்டர் சங்கிலியை இரண்டு பேர் வெறுங்கையால் இழுத்தோம். சேறும் துருவும் கலந்து உள்ளங்கையில் ஏறிய அந்த நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. பிரேக்கர் பின்பக்க அறையின் படுக்கைக்குக் கீழே இருந்தது. அந்தப் படுக்கையில் படுத்திருந்தவன் நான்.

ஆகவே ஒப்படைக்கும் நேரத்தில் கூச்சப்படாதீர்கள். கையில் நோட்டு வைத்துக்கொண்டு, "காட்டுங்கள், இப்போது நான் செய்கிறேன், பாருங்கள்" என்று சொல்லுங்கள். நங்கூரப் பொறியின் பிரேக்கர் எங்கே? ஆழமானி காட்டும் எண் நீர்மட்டத்திலிருந்தா, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கீலுக்குக் கீழே மிச்சமிருக்கும் தண்ணீரா? இந்த ஒரு கேள்வியில் இரண்டு மீட்டர் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. தரைதட்டுவதற்கு அது தாராளம். சங்கிலி மொத்தம் எத்தனை மீட்டர், நீளம் தெரிய வண்ணக்குறி போட்டிருக்கிறதா? சுக்கான் சக்கரம் வேலை செய்யாமல் போனால் பொருத்தும் அவசரச் சுக்கான்பிடி எங்கே? படகின் அடியில் கடல்நீர் புகும் வால்வுகள் எங்கெங்கே? பாய் மாஸ்ட் எனப்படும் பாய்மரத்துக்குள் சுருளும் வகையாக இருந்தால் அதைத் துறையிலேயே ஒரு முறை முழுதாக விரித்துச் சுருட்டிக் காட்டச் சொல்லுங்கள். அந்த வகைப் பாய்க்குச் சிக்கிக்கொள்ளும் குணம் உண்டு. அது சிக்குவதும் காற்று ஏறியபின்தான்.

இன்ஜினை ஓட்டச் சொல்லி, புகைக்குழாய் வழியே குளிர்விப்புத் தண்ணீர் வெளியே விழுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறை இன்ஜினைக் கிளப்பும்போதும் எட்டிப் பார்க்க வேண்டிய விஷயம் அது. தண்ணீர் வரவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். உயிர்காப்பு அங்கிகளை எண்ணுவதோடு நிற்காமல் ஒவ்வொருவருக்கும் போட்டு அளவு சரிசெய்யுங்கள். மகளுக்குப் பெரியவர்கள் அங்கி உதவாது. அவளுடைய எடையைச் சொல்லி முன்கூட்டியே சிறுவர் அங்கி கேட்டு வையுங்கள். பிறகு கைப்பேசியில் படகைச் சுற்றி வீடியோ எடுங்கள். பழைய கீறல் எல்லாம் அதில் வரட்டும். திருப்பி ஒப்படைக்கும் நாளில் வைப்புத்தொகைக்காக வாதாட வேண்டிய அவசியம் இருக்காது.

சான்றிதழ் வாங்கிவிட்டேன் என்கிறீர்கள். ஆனாலும் போகும் நாடு எதைக் கேட்கிறது என்று ஒரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐரோப்பாவில் பல இடங்களில் ஐசிசி என்ற சர்வதேசச் சான்றிதழைக் கேட்பார்கள். குரோஷியாவில் விஎச்எஃப் என்ற படகு ரேடியோவை இயக்குவதற்கான சான்றிதழும் வேண்டும். கிரீஸில் ஸ்கிப்பரைத் தவிர இன்னொருவருக்கும் படகு அனுபவம் உண்டு என்று எழுதித் தர வேண்டியிருக்கும். உங்கள் நண்பரின் ஓரளவு பழக்கம் அங்கே கைகொடுக்கும்.

இனித் துறைக்கு வருவோம். 38 அடி யாட் ஏறக்குறைய ஏழு டன் எடை. அதற்கு பிரேக் கிடையாது. நின்ற நிலையிலிருந்து ரிவர்ஸ் போட்டால் படகு நேராகப் பின்னால் வராது. புரொப்பல்லர் சுழலும் திசையைப் பொறுத்துப் பின்பக்கம் ஒரு பக்கமாக நகரும். பெரும்பாலான படகுகளில் அது இடப்பக்கம். உங்கள் படகில் எந்தப் பக்கம் என்பதை முதல் நாளே வெட்டவெளித் தண்ணீரில் சோதித்துவிடுங்கள். அசையாமல் நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு, மூக்கும் பின்பக்கமும் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். பின்னோக்கிச் சுமார் 2 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகம் வந்தபிறகுதான் சுக்கான் பேச்சைக் கேட்கும். அதுவரை பொறுமை வேண்டும். வேகம் வந்ததும் சக்கரத்தை இறுகப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் சுக்கான் சட்டென்று ஒரு பக்கமாக அடித்துவிடும்.

புதிய வாடகைப் படகுகள் சிலவற்றில் இரட்டைச் சுக்கான் இருக்கிறது. பாய் விரித்து ஓடும்போது அது அருமை. துறைக்குள் அது வேறு பிராணி. ஒற்றைச் சுக்கான் படகில் முன் கியரில் சற்று முடுக்கினால் புரொப்பல்லர் தள்ளும் நீர் சுக்கானில் மோதி, நின்ற இடத்திலேயே படகைத் திருப்பும். பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது இதுவாகத்தான் இருக்கும். இரட்டைச் சுக்கானில் அந்த நீர் இரண்டுக்கும் நடுவே புகுந்து போய்விடும், படகு திரும்பாது. அதில் திரும்புவதற்குக் கொஞ்சம் ஓட்டம் தேவை. எனவே எந்த வகை என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

துறைக்குள் நுழையுமுன் வெளியே நின்று எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். மோதலைத் தாங்கும் மெத்தைகளான ஃபெண்டர்கள் தொங்கட்டும். கயிறுகள் கம்பிவேலிக்கு வெளியே கொண்டுவரப்பட்டுத் தயாராக இருக்கட்டும். யார் எங்கே நிற்பது என்பது பேசி முடிக்கப்பட்டிருக்கட்டும். துறையில் கட்டியிருக்கும் படகுகளின் கொடிகளைப் பார்த்துக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கணியுங்கள். வேகம் குறைந்ததும் காற்று முதலில் மூக்கைத்தான் தள்ளும். ஒருவேளை கோணம் கெட்டுவிட்டது என்று தோன்றினால், தோன்றிய அந்த விநாடியே விலகி வெளியே போய்விடுங்கள். கரையில் ஐந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டும். மூன்று முறை சுற்றி வந்து நான்காவது முறை மெதுவாக நுழைபவனைப் பழகிய மாலுமிகள் மதிப்பார்கள். பழகாதவர்கள் சிரித்தால் நமக்கென்ன? அக்கம்பக்கத்துப் படகுக்காரர் எழுந்து வந்து கயிறு வாங்குவதும் உண்டு. அது இரக்கத்தால் அல்ல, தன் படகைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

படகை நீளவாட்டில் ஒட்டி நிறுத்துவதாக இருந்தால், முதலில் நடுப்பகுதியில் இருக்கும் கிளீட் என்ற கயிறு கட்டும் கொண்டியிலிருந்து ஒரு கயிற்றைக் கொடுத்துச் சற்றுப் பின்னால் கட்டுங்கள். பிறகு முன் கியரில் மிக மெதுவாக, சுக்கானைக் கரைக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவைத்தால் படகு தானே துறையோடு ஒட்டி நிற்கும். மற்றக் கயிறுகளை டீ குடித்துவிட்டுக்கூடக் கட்டலாம். பின்பக்கத்தைக் கரைக்குக் கொடுத்து நிறுத்தும் இடங்களில் முன்பக்கத்துக்கான கயிறு தண்ணீருக்குள் கிடக்கும். அதை எடுத்துக் கட்டும்போது கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். புரொப்பல்லரில் சுற்றிய கயிறு அந்த நாளை முடித்துவைத்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். யாரும் கையாலோ காலாலோ படகைத் தடுக்கக் கூடாது. ஏழு டன் நகர்ந்து வரும்போது நடுவில் ஃபெண்டர் நசுங்கட்டும், படகில் கீறல் விழட்டும். கீறலுக்குக் காப்பீடு இருக்கிறது. தம்பி துள்ளிக் குதித்துத் துறைக்குத் தாவ வருவார். அதையும் தடுத்துவிடுங்கள், இறங்க வேண்டும், தாவக் கூடாது. எட்டி இறங்க முடியாத தூரம் என்றால் படகு இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

நங்கூரத்துக்குக் கணக்கு எளிது. 5 மீட்டர் ஆழம், படகின் முன்விளிம்பு நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம். மொத்தம் 6. அதைப் போல் ஐந்து மடங்கு, அதாவது 30 மீட்டர் சங்கிலி விடுங்கள். நீர்மட்டம் ஏறியிறங்கும் கடலாக இருந்தால் ஏறியபின் வரும் ஆழத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். காற்று கூடும் என்றால் இன்னும் விடுங்கள். பெட்டிக்குள் கிடக்கும் சங்கிலி யாரையும் பிடித்து நிறுத்தாது. அடித்தரை மணலாக இருப்பது நல்லது. மேலிருந்து பார்த்தால் மணல் வெளிறித் தெரியும், கடற்புல் கருமையாகத் தெரியும். புல்லில் நங்கூரம் சரியாகப் பிடிக்காது. அதோடு மத்தியதரைக்கடலில் பொசிடோனியா என்ற கடற்புல் பல இடங்களில் சட்டப்படி காக்கப்படுவது.

சங்கிலியைக் குவியலாகக் கொட்டாமல், படகு பின்னால் நகர நகர விடுங்கள். பிறகு ரிவர்ஸ் போட்டு, இன்ஜினைச் சிறிது சிறிதாக நிமிடத்துக்கு 2,000 சுற்றுவரை ஏற்றி அரை நிமிடம் வையுங்கள். அப்போது பக்கவாட்டில் கரையைப் பாருங்கள். ஒரு மரமும் அதற்குப் பின்னால் ஒரு வீடும் ஒரே கோட்டில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோடு கலையாமல் நின்றால் நங்கூரம் பிடித்துவிட்டது. மரம் மெல்ல வீட்டைவிட்டு விலகுகிறதா? இழுபடுகிறது. தூக்கிவிட்டு மறுபடி போடுங்கள், கூச்சமே வேண்டாம். பிடித்தபின் நீர்க்கண்ணாடி மாட்டிக்கொண்டு நீந்திப் போய் நேரில் பாருங்கள். மகளையும் கூட்டிப்போகலாம்; மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும் நங்கூரத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வரும். தூக்கும்போது இன்ஜின் ஓட வேண்டும், படகை இன்ஜினால் முன்னே கொண்டுபோக வேண்டும். பொறி சங்கிலியைச் சுருட்டத்தானே தவிர ஏழு டன்னை இழுக்க அல்ல. பிரேக்கர் விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

பாய் பற்றி நீங்கள் நிறையப் படித்துவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 12 நாட் காற்று 17 ஆனால் விசை இரு மடங்கு. இதைவிட ஏமாற்றுவது பின்காற்று. 18 நாட் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு 6 நாட் வேகத்தில் ஓடினால் 12 நாட்தான் உணர்வீர்கள். எல்லோரும் சட்டையைக் கழற்றிவிட்டு வெயில் காய்வார்கள். அதே காற்றில் எதிர்ப்பக்கம் திரும்பினால் 22, 23 ஆகிவிடும். விசை முன்பைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு. எனவே திரும்புமுன்பே பாயைச் சுருக்கிவிடுங்கள். வானிலை அறிக்கையில் வரும் எண் சராசரி. வீச்சுக்காற்று அதைவிட 40 சதவீதம் வரை கூடுதலாக இருக்கலாம் என்று ஆஸ்திரேலிய வானிலைத் துறை தன் கடல் அறிக்கைகளிலேயே எச்சரிக்கிறது. உங்களுக்கு என் அளவுகோல்: அறிக்கை 20 நாட்டுக்கு மேல் சொன்னால் அன்று துறையிலேயே சீட்டு விளையாடுங்கள். புயலைப் பற்றிப் படிப்பதை நிறுத்திவிடலாம். ஒரு வார வாடகைப் படகுக்குப் புயலில் வேலை இல்லை.

பாதை போடும்போது திரையில் தெரியும் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 2014 நவம்பர் 29 அன்று உலகைச் சுற்றும் வோல்வோ ஓஷன் ரேஸ் போட்டியில் வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கரஜோஸ் பவளத்திட்டில் இரவில் முழு வேகத்தில் ஏறி நின்றது. ஒன்பது பேரும் பிழைத்தது அதிர்ஷ்டம். ஓட்டியவர்கள் தொழில்முறை மாலுமிகள். மின்வரைபடத்தைப் போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்காதது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. சிறிதாக வைத்துப் பார்த்தால் திரையில் பாறை மறைந்துபோகும், கடலில் மறையாது. ஒரு நாளுக்கு 20 கடல்மைல் போதும். சராசரி 5 நாட் என்றால் நான்கு மணி நேரம். பிற்பகல் மூன்று மணிக்குள் இடம் சேர்ந்துவிட்டால் துறையில் இடமும் இருக்கும், நங்கூரம் இழுபட்டால் மறுபடி போட வெளிச்சமும் இருக்கும்.

வழிவிடும் விதிகளைத் திரும்ப ஒரு முறை படியுங்கள். காற்றை இடப்பக்கம் வாங்கி ஓடும் பாய்ப்படகு, வலப்பக்கம் வாங்கி ஓடும் படகுக்கு வழிவிட வேண்டும். பாய் விரித்திருந்தாலும் இன்ஜின் உந்தினால் நீங்கள் இயந்திரப் படகுதான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பயணிகள் கப்பலிடம் உரிமை பேச வேண்டாம்.

கடைசியாக உங்கள் ஐந்து பேர். கிளம்புமுன் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசுங்கள். பூம் எனப்படும் பாயின் அடிக்கம்பு எந்தப் பக்கமும் வீசும், அதன் பாதையில் தலை இருக்கக் கூடாது. வின்ச் என்ற கயிறு இழுக்கும் உருளையில் கயிறு சுற்றும்போது விரலைத் தள்ளி வைக்க வேண்டும். குமட்டல் வருபவர்கள் உள்ளே போய்ப் படுக்காமல் மேலே உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். மாத்திரையைக் கிளம்புமுன்பே போட்டுக்கொள்ள வேண்டும். முன்பக்கம் நங்கூரத்தோடு நிற்பவருக்கும் சக்கரத்தில் நிற்கும் உங்களுக்கும் நடுவே ஏறக்குறைய பத்து மீட்டரும் இன்ஜின் சத்தமும் இருக்கிறது. கத்தினால் சொல் போய்ச் சேராது, கோபம் மட்டும் போய்ச் சேரும். கைச்சைகைகளை முன்பே பேசி வையுங்கள்: நிறுத்து, முன்னே, பின்னே, நியூட்ரல். நான்கு போதும்.

ஒரு கேள்வியை அவர்கள் கேட்க மாட்டார்கள், நீங்களே கேளுங்கள்: "நான் தண்ணீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" மேலே நிற்கும் ஐந்து பேரில் இருவருக்காவது பாயை இறக்கவும், இன்ஜினைக் கிளப்பவும், திரையில் ஆள் விழுந்த இடத்தைக் குறிக்கும் பொத்தானை அழுத்தவும், விஎச்எஃப் 16ஆம் சேனலில் உதவி கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். வாளியோடு கட்டிய ஒரு ஃபெண்டரைக் கடலில் எறிந்துவிட்டு, உங்கள் மனைவியைச் சக்கரத்தில் நிற்கச் சொல்லி அதை எடுத்து வரச் சொல்லுங்கள். ஒருவர் அதிலிருந்து கண்ணை எடுக்காமல் கையால் சுட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அருகில் வந்ததும் கியர் நியூட்ரல். முதல் முறை இருபது நிமிடம் ஆகலாம். நீங்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் அந்தப் பயிற்சியின் கஷ்டமான பகுதி.

இத்தனைக்கும் பிறகு பயம் குறையவில்லை என்றால், முதல் நாளுக்கு மட்டும் ஒரு தொழில்முறை ஸ்கிப்பரை வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் ஏற்பாடு செய்து தருவார்கள். அவரிடம் சுற்றிக் காட்டச் சொல்ல வேண்டாம். காலி இடமுள்ள துறையில் ரிவர்ஸில் போய் நிறுத்துவதைப் பத்து முறை உங்களைச் செய்யவைத்து, பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

கையுறை கேட்டிருந்தீர்கள். வாங்குங்கள். ஆறு பேருக்கும் வேண்டாம், இரண்டு ஜோடி போதும், விரல் முழுதும் மூடியதாக. நங்கூரப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.